ஐம்பதுக்கு நாற்பத்தாறு

கட்டைவிரல்தான் செய்தது, நான் செய்யவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள். மிதுலா தன் வலது கட்டைவிரலைப் பார்த்தாள். நகத்தோரம் சிவப்பு மை இன்னும் காயாமல் இருப்பது போலிருந்தது, தேய்த்தாள், போகவில்லை. கணிதத் துறைத் தலைவர் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் அவள் மட்டும்தான் உட்கார்ந்திருந்தாள். சேர்க்கைத் தேர்வு எழுத வந்த மற்ற நூற்றுச் சொச்சம் பேரும் தாளைக் கொடுத்துவிட்டு, ஐந்தாவது கேள்வி என்ன போட்டே, எட்டாவது என்ன போட்டே என்று கத்திக்கொண்டே படியிறங்கிப் போயாயிற்று. அவளுக்கு அந்தக் கத்தலில் சேர்ந்துகொள்ள எவ்வளவு ஆசை, ஐந்தாவதுக்கு அவளிடமும் விடை இருந்தது, ஆனால் அவளுடைய தாள் இப்போது உள்ளே மேஜைமேல் தனியாகக் கிடக்கிறது. இருபத்தைந்து கேள்வி, ஐம்பது மதிப்பெண். முடிக்கும்போது இன்னும் பன்னிரண்டு நிமிஷம் பாக்கி. முடித்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று விரலுக்குத் தெரியும், ஒன்பது வருஷமாகத் தெரியும். நாலு கலர் பேனாவின் நீலத்தை ஏற்றிவிட்டுச் சிவப்பை இறக்கியது. டிக், டிக், டிக். ஒன்பதில் சின்னதாக ஒரு குறி, மறுபடி டிக், இருபத்திரண்டில் இன்னொரு குறி. மேலே வட்டம் போட்டு ஐம்பதுக்கு நாற்பத்தாறு. அதோடு நின்றதா என்றால் இல்லை, வழக்கம் போல அடியில் தேதியும் போட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், நடுவில் ஒரு காலேஜ் பரீட்சை வந்தால் அதற்காக மட்டும் விட்டுவிடுமா என்ன. தேதியில் வருஷத்தை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. மேற்பார்வைக்கு நின்ற சார், கழுத்தில் அடையாள அட்டை, சின்ன வயசுதான். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே? விடைத்தாள்ல சிவப்பு மை பட்டாலே கேன்சல் தெரியுமா? யாரும் சொல்லித் தரலையா?"

அவள் பேசவில்லை. சொல்லியிருந்தால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொன்னாங்க சார், எங்கம்மா சொன்னாங்க, இன்னிக்குக் காலைல பஸ்ல வரும்போதுகூடச் சொன்னாங்க என்று. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், வாயை மூடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத்தான் இங்கே ஒரு வழி திறந்தது. அவள் மௌனத்தை அந்த சார் தலையாட்டலாக எடுத்துக்கொண்டார். குரல் இளகியது. "வீட்லயே படிச்ச பொண்ணு நீதானே? ஸ்பெஷல் கேஸு. சரி, மேடம்கிட்ட சொல்றேன், அவங்கதான் முடிவு பண்ணணும்" என்று தாளை வாங்கிக்கொண்டு போனார். பாவம், யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பாவம் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, ஆனால் அது அவர் முகத்தில் இருந்தது. மிதுலா அதைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரில் விழுந்தவன் எதைப் பிடிக்கிறோம் என்று பார்த்தா பிடிப்பான். உள்ளே கூப்பிட்டதும் மேடமும் அதையேதான் கேட்பார், யாரும் சொல்லலையா என்று. இல்லைங்க மேடம். இரண்டே வார்த்தை. மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், சரளமாக வந்தது. இல்லைங்க மேடம், எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் உடனே அடுத்த கேள்வி வருமே, பத்தாவதும் பன்னிரண்டாவதும் திறந்தநிலைப் பள்ளியில் பரீட்சை எழுதியிருக்கிறாயே, ஹால் டிக்கெட்டின் பின்னால் நீலம் அல்லது கறுப்பு மட்டும் என்று அச்சடித்திருக்குமே, அதைப் படிக்கவில்லையா என்று. படித்தாள், மனப்பாடமாகவே தெரியும். அந்தப் பரீட்சைகளில் கடைசி மணி அடிக்கும்வரை எழுதிக்கொண்டேயிருந்தாள், திருத்த நேரமே கிடைக்கவில்லை, அதனால் விரலும் சும்மா இருந்தது. கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திருத்தினாள். இங்கே பன்னிரண்டு நிமிஷம் மிச்சம் வைத்ததுதான் வினை. கெட்டிக்காரத்தனமும் ஆளைக் கவிழ்க்கும்.

கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அட்டெண்டர் அம்மாள் மல்லிகைச் சரத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "மேடம் போன்ல பேசிட்டு இருக்கறாங்க. எப்ப வேணா கூப்புடுவாங்க, எங்கயும் எந்திரிச்சுப் போயராத கண்ணு" என்றாள். அதைக் கேட்டதும் அடிவயிறு முட்டியது. அதுவரை இல்லாதது, போகக் கூடாது என்று சொன்னதும் வந்துவிட்டது. பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்கலாம், கேட்டால் என்ன சொல்வாள், போ என்பாள், இல்லை இப்போதுதானே சொன்னேன் என்பாள். மற்ற பிள்ளைகளுக்கு இதெல்லாம் எப்படி ரத்தத்தில் ஊறியிருக்கிறது, எதற்குக் கேட்க வேண்டும், எதற்குக் கேட்காமல் போகலாம் என்று. இரண்டாம் வகுப்பில் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆங்கில வாக்கியம் சொன்னால்தான் விடுவார்கள். அன்றைக்கு அந்த வாக்கியம் மறந்துபோயிற்று. சுண்டுவிரல் மட்டும் தூக்கியபடி நின்றாள், மிஸ் போர்டில் எழுதிக்கொண்டே, முழுசாச் சொல்லு, முழுசாச் சொல்லு என்றார். கால் வழியாகச் சூடாக இறங்கியது இன்னும் நினைவிருக்கிறது, முப்பத்தெட்டுப் பேர் சிரித்ததும். அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே வந்து பாவாடை மாற்றிக் கூட்டிப் போனாள். மறுநாள் அனுப்பவில்லை. அதற்கடுத்த நாளும் அனுப்பவில்லை. ஒரு வாரம், ஒரு மாசம், அப்புறம் அம்மாவும் வேலைக்குப் போகவில்லை. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து அத்தை வந்து நடுவீட்டில் நின்று கத்தினாள். "பள்ளிக்கோடம் போகாத புள்ளைய எந்தக் காலேஜ்ல சேப்பாங்க வளரு? ஒரு நாள் மூத்தரம் பேஞ்சுட்டான்னு ஒரு சென்மத்தையே கெடுக்கறயா?" அப்பா எதுவும் பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார், பேச்சு வந்தால் செருப்புப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். அம்மா மட்டும் சொன்னாள், "சேப்பாங்க அண்ணி. சேக்கறாங்களா இல்லையான்னு பாருங்க." அந்தப் பாருங்கவுக்குப் பத்து வருஷம் வயதாகிவிட்டது. இன்றைக்குத்தான் பார்க்கிற நாள். இப்போது கேன்சல் என்று உள்ளே எழுதிவிட்டால் அத்தை ஒரு வார்த்தை பேச மாட்டாள், கோபியிலிருந்து கிளம்பி வந்து சோபாவில் உட்கார்ந்து காப்பி குடிப்பாள், அது போதும்.

அத்தையைக்கூடச் சமாளிக்கலாம், அம்மாவின் பரவால்லையைச் சமாளிக்க முடியாது. பரவால்ல கண்ணு, வேற காலேஜ் பாக்கலாம், இல்லாட்டி இந்த வருஷம் வூட்லயே இரு, அடுத்த வருஷம் பாக்கலாம். இன்னொரு வருஷம் அந்தச் சாப்பாட்டு மேஜை. அந்த மேஜையின் கண்ணாடிக்கு அடியில் உலகப்படம், அதில் சாம்பார் கறை பட்ட ஆப்பிரிக்கா, எதிரில் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் குளிர்பதனப் பெட்டி, அது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உறுமி அடங்கும். அம்மா கெட்டவளில்லை. அதுதான் சங்கடம், கெட்டவளாக இருந்திருந்தால் சுலபமாக வெளியே வந்திருக்கலாம். வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்று மிதுலாவிடம் இருந்தது. அவளுக்குக் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். ஐம்பது பேரோடு சேர்ந்து திட்டு வாங்க வேண்டும், தனக்கென்று வராமல் பொதுவாக வருகிற திட்டு. வருகைப் பதிவில் பேர் கூப்பிட்டால் உள்ளேன் என்று யாரோ போல சோம்பலாகச் சொல்ல வேண்டும். பரீட்சைக் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ரப்பர் கேட்டாள், திருப்பிக் கொடுக்கும்போது, "நீ எந்த ஸ்கூல்?" என்றாள். மிதுலா "அன்னூர்" என்றாள். அது ஊர், பள்ளியில்லை, ஆனால் பொய்யும் இல்லை. அந்தப் பெண்ணும் தலையாட்டிவிட்டாள். அந்தத் தலையாட்டலில் கிடைத்த சுகத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மூன்று வருஷமும் அன்னூர், அன்னூர் என்றே சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அதற்கெல்லாம் முதலில் உள்ளே வர வேண்டும். உள்ளே வர இரண்டு வார்த்தை போதும்.

காலையில் பஸ்ஸில் நல்ல கூட்டம். கணேசபுரம் தாண்டும்போதுதான் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. அம்மா பையைத் திறந்து பேனாக்களை எண்ணினாள், பிறகு நாலு கலர் பேனாவை வெளியே எடுத்து, "இது வேண்டாம் கண்ணு. வெறும் நீலம் ரெண்டு வெச்சுருக்கறேன், அதுலயே எழுது. அங்க நம்ம வூட்டு வழக்கமெல்லாம் செல்லாது. திருத்தறதுக்கு அவங்க இருக்கறாங்க, சிவப்பத் தொட்டா தாளையே தூக்கிப் போட்டுருவாங்க" என்றாள். குரலைத் தாழ்த்தத் தெரியாது அம்மாவுக்கு, எதிரிலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "தெரியும்மா. நான் என்ன சின்னப் புள்ளையா, எத்தன வாட்டி சொல்லுவே" என்று வெடுக்கென்று பேனாவைப் பிடுங்கித் தன் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டாள் மிதுலா. பிடுங்காமல் இருந்திருக்கலாம். அம்மா அதற்குப் பிறகு காந்திபுரம் வரும்வரை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கூடத்தில் முதல் நீலம் மூன்றாவது கேள்வியிலேயே திக்கியது, இரண்டாவது பேனா வெளியே விட்ட பையில் தங்கிவிட்டது, கையில் மிஞ்சியது இதுதான். எல்லாம் சேர்ந்து வருவதென்றால் இப்படித்தான் வரும். ஆனால் எப்படிச் சுற்றினாலும் அந்த ஒரு இடத்தில் வந்து இடித்து நின்றது மனசு. அம்மா சொன்னாள். அம்மா சொன்னது எதிரிலிருந்தவருக்குக்கூடத் தெரியும். நடத்துனருக்குத் தெரியும். இந்தக் கதவுக்கு உள்ளே இருக்கிறவருக்கு மட்டும்தான் தெரியாது. சொன்னாங்க மேடம், நான்தான் மறந்துட்டேன் என்றால் என்ன ஆகும்? சொல்லியும் செய்தவளுக்கு எதற்கு இரக்கம், விதி விதிதான், கேன்சல். தெரியாதவளுக்குத்தான் இரக்கம். தெரிந்தவள் தெரியாதவளாக வேண்டுமானால், சொன்னவள் சொல்லாதவளாக வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போலத்தான், ஆனால் சோற்றைப் பிசைந்து பார்க்கப் போகிறவர் யார். அம்மா கேட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் மற்றப் பெற்றோரோடு உட்கார்ந்திருக்கிறாள், அவளை இங்கே யார் கூப்பிடப் போகிறார்கள்.

சிவப்புப் பேனாவை அவள் கையில் கொடுத்ததும் அம்மாதான். முதல் வருஷம் அம்மா திருத்தினாள், தாளில் சிவப்பைப் பார்த்தாலே மிதுலா அழுதாள், அழுகை நிற்கவே இல்லை. ஒருநாள் அம்மா பேனாவைத் தூக்கி அவள் பக்கம் போட்டாள். "இந்தா, நீயே பாத்துக்க. நீ போடறதுதான் மார்க். நான் பாக்க மாட்டேன்." நிஜமாகவே பார்க்க மாட்டாள். எத்தனை என்று கேட்பாள், சொன்னதைக் கேட்டுக்கொள்வாள், அடுத்த பாடத்தைப் புரட்டுவாள். ஒரே ஒரு விதி, சிவப்பு எடுத்த பிறகு நீலம் எடுக்கக் கூடாது. பதினோரு வயசில் ஒரு மழைநாள், பின்னக் கணக்கு, அம்மா மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள், மிதுலா எடுத்த சிவப்பை ஏற்றிவிட்டு மறுபடி நீலத்தை இறக்கி விடையிலிருந்த ஏழை ஒன்பதாக்கினாள், திரும்பச் சிவப்பை இறக்கி டிக் போட்டாள். இருபதுக்கு இருபது என்றாள். "பலே" என்றாள் அம்மா, ஈரத் துணியோடு. மடிக்கும்போது அந்தத் தாள் அம்மா கைக்கடியில்தான் இருந்தது, குனிந்து பார்த்தால் தெரிந்திருக்கும், அம்மா குனியவில்லை. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் மாற்றியதில்லை, நல்ல பெண்ணாகிவிட்டதால் இல்லை, இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறவளை ஏமாற்ற மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

"உள்ள போ கண்ணு" என்றாள் அட்டெண்டர். எழுந்து உள்ளே போனாள். அறையில் மேஜைக்குப் பின்னால் ஹெப்சிபா மேடம், ஐம்பது வயசிருக்கும், நரைத்த முடியை இறுக்கக் கொண்டை போட்டிருந்தார், எதிரில் அவளுடைய தாள். உட்காரச் சொன்னாரா இல்லையா என்று புரியாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒன்பதாவதும் இருபத்திரண்டாவதும் தப்புன்னு நீயே குறி போட்டிருக்கே. தப்புன்னு தெரிஞ்சா சரி எதுன்னும் தெரிஞ்சிருக்கும். நேரமும் இருந்திருக்கு. ஏன் மாத்தி எழுதல?"

மிதுலா இந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. "சிவப்பு எடுத்தப்பறம் மாத்தக் கூடாதுங்க மேடம்."

"யார் சொன்னது?"

"அம்மா."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் ஏதோ இளகியது, மிதுலா அதைப் பார்த்தாள், கதவு திறக்கிற மாதிரி பார்த்தாள். "இப்படி ஒரு தாளை நான் பார்த்ததே இல்ல" என்றார் மேடம், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. பிறகு நிமிர்ந்தார். "அவ்வளவு சொல்லித் தந்த அம்மா, பரீட்சைல சிவப்பு மை தொடக் கூடாதுன்னு சொல்லலையா?"

இதுதான் அது. அரை மணி நேரமாகச் சுற்றிச் சுற்றி வந்த இடம். சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும் என்று நினைத்தாள், ஆனால் விரலைப் போலவே நாக்கும் பழகிவிட்டிருந்தது, வெளியே பெஞ்சில் நாற்பது தடவை சொல்லிப் பார்த்ததல்லவா. "இல்லைங்க மேடம்."

"ம்" என்றார் மேடம். "கேன்சல் பண்ண எனக்கும் மனசில்ல. தெரியாம செஞ்சதுன்னு பெற்றோர் ஒரு கடிதம் எழுதிக் குடுத்தா தாளை எடுத்துக்குவேன், மார்க்கை நாங்க போட்டுக்கறோம். அம்மா வந்திருக்காங்களா? கூட்டிட்டு வா."

படியிறங்கும் வழியில் பாத்ரூம் இருந்தது, யாரையும் கேட்காமல் போய்விட்டு வந்தாள், யாரும் எதுவும் சொல்லவில்லை. வெயில் கண்ணைக் குத்தியது. கொட்டகையில் அம்மா இவளைப் பார்த்ததும் எழுந்து, "ஏன் கண்ணு இத்தன நேரம்? அல்லாரும் போயிட்டாங்களே" என்றாள். "சிவப்புல திருத்திட்டேம்மா. மேடம் உன்னக் கூப்புடறாங்க" என்றாள் மிதுலா. அம்மா முகம் வெளுத்தது, ஆனால் நான்தான் சொன்னேனே என்று சொல்லவில்லை. அம்மா அப்படிச் சொல்லியிருந்தால் மிதுலாவும் அப்போதே மீதியைச் சொல்லியிருப்பாள். அம்மா புடவையை உதறிக்கொண்டு நடந்தாள். இப்போது சொல்லிவிடலாம். நீ சொல்லலைன்னு சொல்லிட்டேம்மா. பைக் நிறுத்தும் இடம் போயிற்று. அலுவலகம் தாண்டியதும் சொல்லலாம். அலுவலகமும் தாண்டியது. படியில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, ஒருமுறை நின்று கைப்பிடியைப் பிடித்தாள், நல்ல சமயம், மிதுலா வாயைத் திறந்தாள், "பாத்து வாம்மா" என்றாள். அட்டெண்டர் கதவைத் திறந்து பிடித்தாள்.

"உக்காருங்கம்மா" என்றார் மேடம். "பொண்ணு புத்திசாலி. ஆனா இதுகூடச் சொல்லி அனுப்ப மாட்டீங்களா? பத்து வருஷம் வீட்ல வெச்சுப் படிக்க வெச்சிருக்கீங்க, பரீட்சைல சிவப்பு மை தொடக் கூடாதுன்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். நீங்க சொல்லவே இல்லைன்னு பொண்ணு சொல்றா."

அம்மா திரும்பி மிதுலாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். புரியாமல் பார்த்தாள், பிறகு புரிந்துகொண்டாள், இரண்டும் நடந்ததை மிதுலா பார்த்தாள், தரை மட்டும் ஒத்துழைத்திருந்தால் அதற்குள்ளே போயிருப்பாள். அம்மா மேடம் பக்கம் திரும்பினாள்.

"ஆமாங்க மேடம். சொல்லத் தோணலைங்க."

வெள்ளைத் தாளும் பேனாவும் வந்தன. மேடம் சொல்லச் சொல்ல அம்மா எழுதினாள். எனக்குப் போதிய விவரம் தெரியாததால் என் மகளுக்குத் தேர்வு விதிமுறைகளைச் சொல்லித் தரவில்லை. இது என் தவறு. அம்மாவின் உருண்டையான எழுத்து, பத்து வருஷம் எத்தனை நோட்டின் முதல் பக்கத்தில் பார்த்த எழுத்து, ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. கையெழுத்துப் போட்டு, கீழே அடைப்புக்குறிக்குள் வளர்மதி என்று எழுதினாள். மேடம் அதை மிதுலாவின் தாளோடு சேர்த்துக் குத்தினார், மேலே வட்டத்துக்குள் இருந்த நாற்பத்தாறில் அம்மாவின் கண் ஒரு கணம் நின்றது. "கவலைப்படாதீங்க. இங்க வந்துட்டா எல்லாம் கத்துக்குவா. இனி எங்க பொறுப்பு" என்றார், அன்பாகத்தான் சொன்னார். அம்மா "சரிங்க மேடம், ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டாள்.

கேட்டைத் தாண்டினார்கள். சாலையைக் கடக்க நின்றபோது மிதுலாவால் முடியவில்லை, "அம்மா, நீ சொன்னே, காலைல சொன்னே, நான்தான்" என்று ஆரம்பித்து அழுதுவிட்டாள். "வுடு கண்ணு. சொன்னேன்னு சொல்லியிருந்தா சீட்டு போயிருக்கும், அது எனக்குத் தெரியாதா? ரோட்ல நின்னு அழுவாத" என்றாள் அம்மா. முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். ஒரு லாரி போயிற்று, இரண்டு பஸ் போயிற்று, அம்மா சாலையைக் கடக்காமல் நின்றுகொண்டேயிருந்தாள். பிறகு அவளைப் பார்க்காமல், எதிர்ப்புறத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"அந்த நாப்பத்தாறு... நெசமாலுமே நாப்பத்தாறுதானா?"

பத்து வருஷத்தில் அம்மா அவளிடம் ஒருமுறைகூட இப்படிக் கேட்டதில்லை. "ஆமாம்மா" என்றாள் மிதுலா. உண்மைதான், ஆனால் உண்மை போல ஒலிக்கவில்லை, அவளுக்கே கேட்டது. அம்மா "சரி" என்று சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, முன்னால் சாலையில் இறங்கினாள்.